பூட்லோடர் அழியாமல் இருக்க ரைட் புரொடெக்ஷன்: சில வருட அனுபவம்

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில், சொந்தமாக எழுதிய பூட்லோடரை (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி, முக்கிய புரோகிராமான அப்ளிகேஷனைத் தொடங்கி வைக்கும், தேவைப்பட்டால் புதுப்பிக்கும் சின்ன புரோகிராம்) வைத்து ஃபர்ம்வேர் அப்டேட் செய்யும் போர்டுகளோடு சில வருஷமாக வேலை செய்து வருகிறேன். அப்டேட்டின்போது பூட்லோடர் தவறுதலாக அழியாமல் இருக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அநேகமாக எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று, கடைசிவரை கைகொடுப்பது சிப்புக்குள்ளேயே இருக்கிற ரைட் புரொடெக்ஷன், அதாவது ஃபிளாஷ் மெமரியின் ஒரு பகுதியில் எதையும் எழுத முடியாதபடி பூட்டும் வசதிதான்.

பிரச்சினையின் வேர், சிப்பில் ஏற்ற வேண்டிய புரோகிராம் இருக்கும் பின் (.bin) ஃபைல். அதில் இருப்பது வெறும் பைட்டுகள், எந்த அட்ரஸில் எழுத வேண்டும் என்ற தகவல் அதற்குள் கிடையாது. ஃபிளாஷ் செய்யும்போது, அதாவது சிப்பில் எழுதும்போது, நாம்தான் சொல்ல வேண்டும். பூட்லோடருக்கு முதல் 8 கேபி ஒதுக்கியிருந்தால் அப்ளிகேஷன் 08002000இல் (ஹெக்ஸாடெசிமல் எண்) தொடங்கும், ஆனால் பழக்கத்தில் கை ஃபிளாஷின் தொடக்கமான 08000000 என்று அடித்துவிட்டால் பூட்லோடர் மேலேயே எழுதப்பட்டுவிடும், டூலும் எந்த எச்சரிக்கையும் தராமல் வெற்றி என்று காட்டிவிடும். ஹெக்ஸ் ஃபைலில் அட்ரஸ் கூடவே வருகிறது, யூஎஃப்2 என்ற இன்னொரு வகை ஃபைலில் 512 பைட் கொண்ட ஒவ்வொரு பிளாக்கிலும் வருகிறது. அதனால் பின் ஃபைலைக் கையால் ஃபிளாஷ் செய்வதை விட்டுவிட்டாலே பாதி ஆபத்து குறையும்.

மீதிப் பாதி லிங்கர் ஸ்கிரிப்ட், அதாவது புரோகிராம் எந்த அட்ரஸில் உட்கார வேண்டும் என்று பில்டின்போது சொல்லும் ஃபைல். ப்ராஜெக்ட்டைப் புதிதாக உருவாக்கினாலோ வேறு சிப்புக்கு மாற்றினாலோ தொடக்க அட்ரஸ் மறுபடி 08000000 ஆகிவிடும், அப்போது ஹெக்ஸ் ஃபைலும் அந்தத் தப்பான அட்ரஸைத்தான் சுமந்து வரும். இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று உண்டு: எஸ்டிஎம்32இன் பிராசஸரான கார்டெக்ஸ்-எம்முக்கான இமேஜின் (பில்ட் செய்து கிடைக்கும் புரோகிராமின்) முதல் 4 பைட் ஸ்டாக் பாயின்டர், அடுத்த 4 பைட் ரீசெட் ஹேண்ட்லரின் (தொடங்கியதும் முதலில் ஓடும் கோடின்) அட்ரஸ். அந்த இரண்டாவது எண் அப்ளிகேஷன் பகுதிக்குள் விழுகிறதா என்று பில்ட் முடிந்ததும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பார்த்து, இல்லையென்றால் பில்டையே நிறுத்திவிட வேண்டும். அதே சோதனையைப் பூட்லோடருக்குள்ளும் வைக்கலாம், வருகிற டேட்டாவின் அட்ரஸ் தன் எல்லைக்குள் வந்தால் எழுத மறுத்துவிடும்.

ஆனால் இவை எல்லாமே சாஃப்ட்வேர் வேலி. டீபக்கரை (கணினியிலிருந்து நேராகச் சிப்போடு பேசும் கருவி) செருகி நேரடியாக எழுதும் ஆளை இவை எதுவும் தடுக்காது. அங்கேதான் ஆப்ஷன் பைட்டில் (சிப்பின் அமைப்புகளைச் சேமிக்கும் தனி இடம்) இருக்கும் ரைட் புரொடெக்ஷன் பிட்கள் வேலைக்கு வருகின்றன. எஸ்டிஎம்32 வரிசையின் எஃப்103 குடும்பத்தில் பொதுவாக ஒரு பிட் 4 கேபியைப் பூட்டும், ஆக 8 கேபி பூட்லோடருக்கு இரண்டு பிட் போதும். எஃப்4 குடும்பத்தில் செக்டர் (ஃபிளாஷின் பெரிய துண்டு) கணக்கு, முதல் நான்கு செக்டர்கள் தலா 16 கேபி, அதனால் பூட்லோடர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தது 16 கேபி போய்விடும். பூட்டிய பகுதியில் எழுதப் போனால் சிப் எர்ரர் கொடுத்து நின்றுவிடுகிறது. ஒழுங்காக இருக்கும் போர்டில் டூல் சிவப்பில் எர்ரர் காட்டுவது, உயிரில்லாத போர்டைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

இதை, ஃபிளாஷில் இருப்பதை வெளியிலிருந்து படிக்க விடாத ரீட் புரொடெக்ஷனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எஃப்4இல் அதை லெவல் 1இலிருந்து 0க்கு இறக்கினால் ஃபிளாஷ் முழுவதும் அழியும், லெவல் 2க்குப் போனால் திரும்பவே முடியாது. அப்புறம், ரைட் புரொடெக்ஷன் கவனக்குறைவுக்கு எதிரான பூட்டு மட்டுமே, வேண்டுமென்றே எடுக்க நினைப்பவரால் எடுத்துவிட முடியும். எஸ்டிஎம்32ஃபிளாஷ் போன்ற டூல்களில் அதை நீக்கவே தனி ஆப்ஷன் இருக்கிறது. யாரோ எழுதிய ஃபிளாஷ் ஸ்கிரிப்ட்டை எடுத்துப் பயன்படுத்தும் முன் அதில் இந்த நீக்கும் கட்டளை ஒளிந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள், இருந்தால் நீங்கள் பூட்டியதற்கு அர்த்தமே இல்லை.

ஏவிஆர் என்ற இன்னொரு மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தின் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஏடிமெகா328பி சிப்பில் லாக் பிட்கள் பூட்லோடர் பகுதியை உள்ளே ஓடும் புரோகிராமிடமிருந்து காப்பாற்றும், சரி, ஆனால் பூட்லோடரின் உதவியில்லாமல் நேராகச் சிப்பில் எழுதும் ஐஎஸ்பி புரோகிராமர் கருவியால் எழுதினால், அதை இயக்கும் ஏவிஆர்டியூட் சாஃப்ட்வேர் வழக்கமாக முதலில் சிப் முழுவதையும் அழிக்கும், பூட்லோடரும் லாக் பிட்களும் சேர்ந்தே போய்விடும். அங்கே ஒரே வழி, வழக்கமான அப்டேட்டை சீரியல் வழியாக மட்டும் செய்வது, புரோகிராமரைத் தொட்டால் பூட்லோடரும் சேர்ந்த ஹெக்ஸ் ஃபைலையே ஏற்றுவது.

ரைட் புரொடெக்ஷனில் உண்மையான குறை ஒன்றுதான், பூட்லோடரையே அப்டேட் செய்ய வேண்டிய நாள் வரும்போது பூட்டைத் திறந்து, எழுதி, மறுபடி பூட்ட வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் போர்டு நின்றுவிடும். எஸ்டிஎம்32இல் தொழிற்சாலையிலேயே பதித்த இன்னொரு பூட்லோடர் சிஸ்டம் மெமரியில் இருப்பதால் எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும் பூட்0 பின்னுக்கு (சிப்பின் ஒரு கால்) உயர் மின்னழுத்தம் கொடுத்து மீட்டுவிடலாம். அதற்கு அந்தப் பின் போர்டில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். அதை நேராக கிரவுண்டில் இணைத்து முடித்துவிடுகிற டிசைன்களை இன்னமும் பார்க்கிறேன், தயவுசெய்து ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைத்து, பக்கத்தில் ஒரு டெஸ்ட் பேடும் விட்டுவிடுங்கள்.