எக்ஸ்டீபக் ப்ரொஃபைலர்: செகண்டை விடுங்க, எண்ணிக்கையைப் பாருங்க

பிஹெச்பி எழுதுறவங்க பல பேருக்கு எக்ஸ்டீபக்னா பிரேக்பாயிண்ட் போட்டு கோடை நிறுத்தி வரி வரியா நகர்த்துற சாமான், அவ்வளவுதான். நானும் ரொம்ப வருஷமா அப்படித்தான் வச்சிருந்தேன், உள்ளயே ஒரு ப்ரொஃபைலர் (எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம், மெமரி எடுக்குதுன்னு அளக்குறது) இருக்குன்னு தெரியும் ஆனா தொட்டதே இல்ல. ஒரு ரிப்போர்ட் பக்கம் திறக்க ரொம்ப நேரம் ஆகுதுன்னு புகார் மேல புகார் வந்தப்பதான் வேற வழியில்லாம தொட்டேன்.

அதுக்கு முன்னாடி எல்லாரும் பண்றதைத்தான் பண்ணேன். ஸ்கிரிப்ட் தலையில ஒரு மைக்ரோடைம் (அந்த நொடி நேரத்தைச் சொல்ற பிஹெச்பி ஃபங்ஷன்), கடைசில ஒரு மைக்ரோடைம், கழிச்சா 4.2 செகண்ட். மெமரிக்கு பீக் யூசேஜ் ஃபங்ஷனைக் கூப்பிட்டா 96 எம்பி. சரி ஸ்லோன்னு தெரிஞ்சுது, அதைத்தான் யூசரே சொல்லிட்டாரே! எந்த இடத்துலன்னு தெரியணும்னா நடுவுல நடுவுல மைக்ரோடைமைத் தூவிக்கிட்டே போகணும், அப்புறம் அத்தனையும் தேடித்தேடி அழிக்கணும், அதுல ஒண்ணு தப்பிச்சு கமிட்லயும் போயிடும் (போச்சு). இந்த வழியிலயே போறவங்களுக்கு ஒண்ணு மட்டும், மைக்ரோடைம் சிஸ்டம் கடிகாரத்தைப் பாக்குது, நடுவுல கடிகாரத்தைத் திருத்தினா கணக்கு கோளாறாகும், பிஹெச்பி 7.3-ல இருந்து ஹெச்ஆர்டைம் இருக்கு, கால அளவு எடுக்க அதுதான் சரி. அதே மாதிரி மெமரி யூசேஜ் ஃபங்ஷனுக்கு ட்ரூ குடுத்தா பிஹெச்பி சிஸ்டம் கிட்ட வாங்கி வச்சிருக்கிற மொத்தத்தைச் சொல்லும், அதை 2 எம்பி துண்டா வாங்குறதால குட்டி ஸ்கிரிப்டுக்கும் 2 எம்பின்னுதான் காட்டும், பயப்பட வேண்டாம்.

இப்ப எக்ஸ்டீபக். 2020 நவம்பர்ல 3.0 வந்ததுக்கு அப்புறம் செட்டிங் ரொம்பவே சுலபமாயிடுச்சு, மோடுல ப்ரொஃபைல்னு எழுதினா போதும். ஆனா அப்படியே விட்டா ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஃபைல் எழுதும், பக்கம் பின்னாடி சர்வருக்கு அனுப்புற அஜாக்ஸ் கால் உட்பட. அதனால ட்ரிக்கர் (ரிக்வெஸ்டோட நாம அனுப்புற ஒரு அடையாளம்) இருந்தா மட்டும் ஓடுற மாதிரி மாத்திக்குங்க. ஃபைல் பேர்லயும் ஒரு குழி இருக்கு, டீஃபால்ட்டா ப்ராசஸ் நம்பரை வச்சுத்தான் பேர் வைக்கும், எஃப்பிஎம்ல (வெப் சர்வருக்காக பிஹெச்பி ப்ராசஸ்களை ஓட்டுறது) ஒரே ப்ராசஸ் பல ரிக்வெஸ்டைப் பாக்கும், அப்ப புதுசு பழசு மேலயே எழுதிடும். நான் அரை நாள் இதுல தொலைச்சேன், என்னடா எந்த ஃபைலைத் திறந்தாலும் ஹெல்த்செக் (சர்வர் உயிரோட இருக்கான்னு பாக்குற) பக்கமே வருதுன்னு. பேர்ல யூஆர்ஐயும் (பக்கத்தோட முகவரி) நேரமும் வர்ற மாதிரி வச்சதும் சரியாச்சு.

ப்ரொஃபைலர் எழுதுற கேஷ்கிரைண்ட் ஃபார்மேட் ஃபைலை சும்மா எடிட்டர்ல திறந்து படிக்க முடியாது, வியூவர் வேணும். நான் கேகேஷ்கிரைண்ட்ல பாத்தேன். சில வியூவருக்கு ஜிஸிப் பண்ணி சுருக்கின ஃபைல் பிடிக்காது, அப்ப கம்ப்ரஷனை ஆஃப் பண்ணிடுங்க. கேகேஷ்கிரைண்ட் முகம் கொஞ்சம் பழைய காலத்து சாஃப்ட்வேர் மாதிரிதான், ஆனா தேவையானது எல்லாம் இருக்கு: இன்க்ளூசிவ், செல்ஃப், எத்தனை தடவை கூப்பிட்டோம், யார் கூப்பிட்டாங்க. இன்க்ளூசிவ்னா அந்த ஃபங்ஷனும் அது கூப்பிட்ட மத்ததும் சேர்ந்து, செல்ஃப்னா அது மட்டும். நேரத்துக்குப் பதிலா மெமரியை வச்சும் இதையே பாக்கலாம்.

என் பக்கத்தை ஓட்டினேன். 4.2 செகண்ட் பக்கம் 11 செகண்ட் ஆச்சு! இது பழுதில்ல, இதோட வேலையே அப்படி. ஒவ்வொரு ஃபங்ஷன் உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் குறிச்சுக்குது, அந்தக் குறிக்கிற செலவு எல்லா ஃபங்ஷன் காலுக்கும் உண்டு. பெரிய ஃபங்ஷனுக்கு அது தூசு, ஆனா ஒரு சின்ன ஃபங்ஷனை ஆயிரக்கணக்குல கூப்பிட்டா அந்தச் செலவே பூதமா தெரியும்.

நான் விழுந்தது சரியா அங்கதான். தேதியை அழகா எழுதிக் குடுக்குற ஹெல்ப்பர் ஒண்ணு செல்ஃப் டைம்ல முதல் இடத்துல நின்னுச்சு, 38 சதவீதம். ஆஹா மாட்டினான்னு ஒரு நாள் முழுக்க உக்காந்து அதைத் திருப்பி எழுதினேன், எக்ஸ்டீபக்ல பாத்தா சூப்பரா குறைஞ்சிருக்கு, எக்ஸ்டீபக்கை ஆஃப் பண்ணிட்டு ஹெச்ஆர்டைம் வச்சுப் பாத்தா 4.1 செகண்ட். ஒரு நாள் உழைப்புக்கு 0.1 செகண்ட்.

அப்புறம்தான் கால் எண்ணிக்கையைப் பாத்து வரிசைப்படுத்தினேன். பிடிஓ எக்ஸிக்யூட் (டேட்டாபேஸ்ல கொயரி ஓட்டுறது) 1,204 தடவை. ஒரு ரிப்போர்ட் பக்கத்துக்கு! லூப்புக்குள்ள ஒவ்வொரு ஆர்டருக்கும் கஸ்டமர் பேரைத் தனித்தனியா டேட்டாபேஸ்ல கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஆமா, எழுதினது நானேதான், கிட் ஹிஸ்டரில பேரைப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். ரெண்டு டேபிளையும் ஒரே கொயரில சேர்க்கிற ஒரு ஜாயின் போட்டதும் 0.6 செகண்டுக்கு வந்துடுச்சு. செகண்டை எக்ஸ்டீபக் ஊதிப் பெருசாக்கலாம், எண்ணிக்கையை ஊதாது, 1,204-ன்னா 1,204-தான். இந்த ஒரு எண்ணிக்கைக்காகவே இந்த டூலை வச்சுக்கலாம்னு சொல்வேன்.

இத்தனை நாள் பிஹெச்பியோட 30 செகண்ட் எக்ஸிக்யூஷன் லிமிட் (ஸ்கிரிப்ட் அதைத் தாண்டினா நிறுத்திடும்) நம்மளைக் காப்பாத்தும்னு நம்பிட்டு இருந்தீங்கன்னா, லினக்ஸ்ல சாதாரணமா டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கிற நேரம் அந்தக் கணக்குலயே வராது. ஸ்லோ கொயரியை அது பிடிக்காது.

மெமரி பக்கம் மார்க் கொஞ்சம் குறைப்பேன். 96 எம்பி எங்க போச்சுன்னு பாத்தா ஃபெட்ச்ஆல் (ரிசல்ட் வரி எல்லாத்தையும் ஒரேடியா எடுக்குறது) மேல கை காட்டுச்சு, அது வரைக்கும் சரி. உடனே யீல்ட் போட்டு, ஒவ்வொரு வரியா குடுக்குற ஜெனரேட்டரா மாத்தினேன், பீக் குறைஞ்சுது ஆனா எதிர்பாத்த அளவுக்கு இல்ல. காரணம் மைஎஸ்க்யூஎல்ல டீஃபால்ட்டா ரிசல்ட் மொத்தமும் முதல்லயே பிஹெச்பி பக்கம் வந்து உக்காந்துக்கும், நம்ம ஒவ்வொரு வரியா எடுக்குறது அந்தக் குவியல்ல இருந்துதான். அப்படி மொத்தமா வாங்கி வைக்கிற பஃபர்டு கொயரியை ஆஃப் பண்ணதும்தான் 14 எம்பிக்கு இறங்குச்சு, பதிலுக்கு அந்த ரிசல்ட் முழுக்க படிச்சு முடிக்கிற வரை அதே கனெக்ஷன்ல வேற கொயரி ஓட்ட முடியாது. லூப்புக்குள்ள கொயரி வச்சிருந்த பழைய கோடா இருந்தா அங்கயே உடைஞ்சிருக்கும். இந்தக் கதை எதுவும் ப்ரொஃபைலர் சொல்லல, அது இடத்தைக் காட்டுச்சு, ஏன்னு நான்தான் மேனுவல்ல தோண்டினேன். இன்னொண்ணு, இமேஜிக் மாதிரி இமேஜ் வேலைக்கான வெளி லைப்ரரி தனியா எடுத்துக்கிற மெமரி பிஹெச்பி கணக்குல சேராது, அதனால இமேஜ் வேலைன்னா ப்ராசஸோட மொத்த மெமரியை சிஸ்டம் பக்கத்துல இருந்து பாருங்க.

யாருக்கு ஒத்துவரும்னா, டெவலப்மெண்ட் மெஷின்ல ஒரு குறிப்பிட்ட பக்கம் ஏன் இழுக்குதுன்னு தேடுறவங்களுக்கு நல்லாவே வேலைக்காகும். லைவ் சர்வர்ல ஓட்டி வைக்க ஆசைப்படாதீங்க, அதுக்கு சாம்ப்ளிங் முறையில (எல்லா காலையும் குறிக்காம அப்பப்ப மட்டும் எட்டிப் பாக்குறது) ஓடுற ப்ரொஃபைலர் வேற இருக்கு. எனக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணைக் குறைச்சது அந்த ஃபைல் பேர் டீஃபால்ட்டுக்காகவும் மெமரி பக்கத்துக்காகவும். முடிச்சதும் மோடை மறக்காம ஆஃப் பண்ணுங்க, நான் பண்ணல, ரெண்டு நாள் கழிச்சு டெஸ்டு எல்லாம் ஏன் இப்படி ஊருதுன்னு டீம்ல ஒரு தம்பி கேட்டான்.