மோப்ப நாய்ச் சேவை: எங்கள் கடைக்கு வந்தபோது கண்டது

பொருளைத் தேடித் தந்ததற்கு ஐந்துக்கு ஐந்து. ஆளைக் காட்டித் தந்ததாக ஊர் எடுத்துக்கொண்டதற்கு ஒரு புள்ளியும் தரமாட்டேன். அதில் நாய்க்கும் குற்றமில்லை, அதைக் கொண்டுவந்த பொலிஸ் சேருக்கும் குற்றமில்லை.

மட்டக்களப்பு - கல்முனை வீதியோரம் எங்களுடைய பலசரக்குக் கடை. பின்பக்கத் தகரத்தைக் கழற்றி இறங்கிய கள்ளன் காசு வைக்கும் தகரப்பெட்டி, சிகரெட், ரீலோட் காட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துவாயைக் கிணற்றடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். 119க்கு அடித்தோம். பொலிசார் வந்து பார்த்து நாயைக் கேட்டார்கள். இந்தச் சேவைக்கு ஒரு சதமும் கேட்பதில்லை.

வந்தது அல்சேஷன். அதைக் கையாண்ட உத்தியோகத்தர், கண்டி அஸ்கிரியாவிலுள்ள பொலிஸ் நாய்ப் பிரிவில் இரண்டு பேரும் சேர்ந்தே பயிற்சி எடுத்ததாகச் சொன்னார். வந்ததும் அவர் நாயை அவிழ்க்கவில்லை. துவாயை யார் தொட்டது, யாரெல்லாம் வளவுக்குள் நடந்தது என்று முதலில் கேட்டார். பிறகுதான் மணக்கவிட்டார். நாய் ஒரு குரைப்பும் இல்லாமல் மூக்கை மண்ணோடு வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி, ஒழுங்கையால் போய், ஆளில்லாத தென்னந்தோட்டத்துக்குள் திரும்பியது. பற்றைக்குள் எங்கள் தகரப்பெட்டி. பூட்டு உடைந்திருந்தது, காசு இல்லை. ஆனால் பெட்டி கிடைத்தது! அந்த இடத்தில் நாங்கள் ஒரு கிழமை தேடியிருந்தாலும் கண்டிருக்கமாட்டோம்.

அங்கிருந்து நாய் திரும்பவும் ஒழுங்கைக்கு வந்து, ஒரு வீட்டுக் கடப்படியில் நின்றது. எங்கள் கடையில் மூட்டை இறக்கும் தம்பியின் வீடு. அவன் விடிந்தால் பொழுதுபட்டால் அந்த ஒழுங்கையால்தான் கடைக்கு வருகிறவன். எங்கள் கிணற்றடியில்தான் கால் கழுவுவான். மனித உடம்பிலிருந்து தோல் துகள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, அதில் பக்டீரியா வேலைசெய்துதான் அந்த மணம் வருகிறது. அப்படிப் பார்த்தால் அந்த ஒழுங்கை முழுக்க அவனுடைய மணம் இருந்திருக்கும். எங்கள் கடற்கரைப் பக்கத்து மணலில் வெயில் ஏறினால், காற்று அடித்தால், பழைய மணமும் புதிய மணமும் எப்படிக் கலையும் என்று யார் சொல்வது? நாய்தான் சொல்லவேண்டும். அதற்கு வாயில்லை.

அந்த உத்தியோகத்தர் அவ்விடத்திலேயே தெளிவாகச் சொன்னார்: நாய் நின்றதை வைத்து ஆளைப் பிடிக்க ஏலாது, அது விசாரணைக்கு வழி காட்டும், அவ்வளவுதான். பின்னால் திரண்டு வந்த சனம் அதைக் காதில் போடவில்லை. பொழுதுபடுவதற்குள் முழு ஒழுங்கையும் தீர்ப்பு எழுதிவிட்டது. இரவு அவனுடைய தாய் எங்கள் வாசலுக்கு வந்து, "நாய் நிண்டா என்ட மகன் கள்ளனா, சொல்லுங்க மகள்?" என்று கேட்டா. இல்லை என்று நான் கையைப் பிடித்துச் சொன்னேன். ஊர் சொல்லவில்லை.

கல்முனைப் பக்கம் சட்டத்தரணியாக இருக்கும் என் மச்சாளிடம் இதைக் கேட்டேன். எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். இந்தியாவின் 1872 சட்டத்தைப் பார்த்து எழுதியது. ஆகவே அங்குள்ள தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வாதத்தில் எடுத்துக் காட்டுவார்களாம். அதில் 1969இல் இந்திய உச்ச நீதிமன்றம் அப்துல் ரசாக் வழக்கில் கொடுத்த தீர்ப்பை வாசித்துக் காட்டினா. மோப்ப நாய்ச் சாட்சியத்துக்கு வழமையாகச் சொல்லப்படும் மூன்று ஆட்சேபனைகள் அதில் இருக்கின்றன. முதலாவது, நாய் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யாது, அதைக் குறுக்குவிசாரணை செய்ய முடியாது. அதன் சார்பில் மனிதன் பேசினால் அது கேள்விச் சாட்சியம், அதாவது தான் நேரில் அறியாததை மற்றவர் சொன்னதாகச் சொல்லும் சாட்சி. இரண்டாவது, மனிதனுடைய உயிரும் சுதந்திரமும் நாயின் அனுமானத்தில் தொங்கக்கூடாது. மூன்றாவது, அந்தச் சாட்சியத்தின் உண்மையான பெறுமதியைவிட அது ஜூரியின் (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்களின்) மனதில் உண்டாக்கும் பரபரப்பு அளவுக்கு மிஞ்சியது.

அந்த மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஒழுங்கையில் நடந்தது அதேதான்! நீதிமன்றம் பயந்து காவல்போட்ட விஷயத்துக்கு வீதியில் காவலே இல்லை.

2008இல் அதே இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கமாக, விசாரணைக்கு நாயைப் பயன்படுத்தலாம், குற்றத்தை நிரூபிக்க அதன் மோப்பத்தைச் சாட்சியமாக எடுக்கமுடியாது என்றது. தென்னாபிரிக்காவில் இப்படியான சாட்சியத்தை 1920இலேயே தள்ளிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1990களில் வந்த ஒரு தீர்ப்பின்படி ஏற்கலாம், ஆனால் அந்த நாயின் பயிற்சியையும் அது இதுவரை எவ்வளவு நம்பகமாக வேலைசெய்தது என்பதையும் கையாளுகிறவர் விபரமாகச் சொல்லவேண்டும், ஜூரியையும் நீதிபதி எச்சரிக்கவேண்டும். எனக்கு இங்கிலாந்து வழி நியாயமாகப் படுகிறது. திறமையான நாயின் உழைப்பை வீசவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம்.

எங்கள் விஷயத்தில் வழக்குக்கு உதவியது பெட்டிதான். அதில் விரலடையாளம் எடுத்தார்கள். அது அந்தத் தம்பியுடையது இல்லை. விரலடையாளத்தை ஒப்பிட்டுச் சொல்லும் நிபுணரின் கருத்துக்கு எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த அடையாளம் கிடைக்க வழிசெய்தது நாய். தம்பி திரும்பி வேலைக்கு வரவில்லை, கொழும்புக்குப் போய்விட்டான். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றும் கேட்டுப்பார்த்தேன்.

சேவையில் நான் கேட்கும் திருத்தம் ஒன்றுதான்: நாய் நிற்பதன் அர்த்தம் என்ன, அர்த்தமில்லாதது என்ன என்று தமிழில் ஒரு தாள் முறைப்பாட்டுக்காரருக்கும், நாய் யார் வாசலில் நிற்கிறதோ அவருக்கும் கொடுக்கவேண்டும்.

உங்கள் வீடோ கடையோ உடைபட்டால் கூட்டாதீர்கள், கழுவாதீர்கள், கள்ளன் விட்டுப்போன சாமானைத் தொடாதீர்கள். ஒருவரையும் வளவுக்குள் விடாதீர்கள். நாய் வந்ததும், அதை அவிழ்ப்பதற்கு முன்பே அந்த வழியால் வழமையாக நடக்கிறவர்களின் பெயர்களைச் சொல்லி, அதை முறைப்பாட்டிலும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் ஓடிவரும் சனத்தை வீதியிலேயே மறியுங்கள்.