பூட்டு திறக்கவில்லை, கிட்டார் விழுந்தது

பேஸ் கிட்டாருக்கு ஸ்ட்ராப் லொக், அதாவது தோளில் மாட்டும் பெல்ட் கிட்டாரிலிருந்து நழுவாமல் பிடிக்கும் பூட்டு, வாங்க நினைப்பவர்கள், அதிலும் கடையிலேயே பூட்டித் தரச் சொல்ல நினைப்பவர்கள், இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது பணம் மட்டும் அல்ல.

மே மாதம், ஹட்டனில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலையோடு எழுந்துவிட்டார்கள். இளவட்டங்கள் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு பைலாவுக்குக் காத்திருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் என் இடது தோளிலிருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போனது. அந்த ஒரு கணம் சுகமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் கிட்டாரின் தலைப்பகுதி டிரம்ஸ் தாங்கியில் மோதிய சத்தம் ஸ்பீக்கர் வழியாக மண்டபம் முழுவதும் கேட்டது. தடித்த ஈ தந்தியின் முறுக்காணி வளைந்து, தலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மரம் பெயர்ந்திருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் அதையும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கிட்டாரை மேடையோரம் கிடத்திவிட்டுப் பெல்ட்டைப் பார்த்தேன். லொக் திறந்திருக்கவில்லை. லொக்கும், பெல்ட் மாட்டக் கிட்டாரின் மரத்தில் திருகியிருக்கும் பொத்தானும் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொண்டு பெல்ட்டின் நுனியில் தொங்கின. பொத்தானின் திருகாணியும் கூடவே இருந்தது. அவை விட்டுவிட்டது மரத்தை. திருகாணியின் புரிகளில் ஏதோ சுருண்டிருந்தது. நகத்தால் விரித்துப் பார்த்தேன். லொத்தர் சீட்டு ஒன்றின் கிழிசல்.

கதை ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் கரோல் பாடத் தோட்டம் தோட்டமாகப் போனபோது பெல்ட்டின் துளை தளர்ந்து பொத்தானிலிருந்து இரண்டு முறை நழுவியது. இரண்டு முறையும் முழங்காலை உயர்த்தித் தாங்கிக்கொண்டேன். பேஸ் கிட்டாரில் இது சாதாரணமாக நடப்பதுதான். சாதாரண கிட்டாரைவிடக் கழுத்து நீளம். தந்தி அதிரும் நீளமே பெரும்பாலான பேஸ்களில் 34 அங்குலம். தலை கீழே சாயப் பார்க்கும், நாம் தூக்கிப் பிடிப்போம், அந்த இழுபறி முழுவதும் கழுத்துப் பக்கம் நீளும் மேல்கொம்பின் பொத்தானில் விழும். என்னுடையதைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்: 4 கிலோ 400 கிராம். தராசுக்காரர் பாதிக் கூடைக் கொழுந்துக்குக்கூடக் காணாது என்று சிரித்தார். நான்கு மணி நேரம் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் அவருக்கும் தெரியும்.

அதுவரை நான் செய்துவந்தது குழாய்க் கடையில் வாங்கிய தடித்த ரப்பர் வாஷரைப் பெல்ட்டுக்கு மேல் பொத்தானில் அழுத்தி மாட்டுவது. வெளிநாட்டு வாசிப்பாளர்கள் கிரோல்ஷ் என்ற ஒல்லாந்து பியர் போத்தலின் மூடி வளையத்தை இதே வேலைக்குப் பாவிப்பார்கள். மலிவான, நேர்மையான ஏற்பாடு. அதோடு இருந்திருக்கலாம். ‘நல்லதாக’ ஒன்று போட ஆசைப்பட்டுக் கண்டிக்குப் பஸ் ஏறினேன்.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து இறங்கும் பாதையில் மடியில் கிட்டாரோடு மூன்று மணி நேரம். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. உள்ளே போனதும் இஞ்சித் தேநீர் கொடுத்தார்கள். முதலாளி கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிறிய பொலித்தீன் பையை எடுத்து வைத்தார். பளபளவென்று இரண்டு லொக்குகள், இரண்டு பொத்தான்கள், இரண்டு திருகாணிகள். பையில் எந்தப் பெயரும் இல்லை.

“ஜேர்மன் சாமான் தம்பி. உங்களுக்குப் பிறகு உங்கள் மகனும் பாவிப்பான்.”

4,800 ரூபாய். பூட்டித் தர இன்னும் 500. கடைப் பையன் ஒருவன் கிட்டாரை உள்ளே கொண்டுபோனான். மின்துளைப்பானின் இரைச்சல் இரண்டு முறை கேட்டது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பழைய பொத்தான்களையும் திருகாணிகளையும் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டது என்றான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணெதிரே செய்யச் சொல்லாதது என் முதல் தவறு. பற்றுச்சீட்டில் ‘கிட்டார் உதிரிப்பாகம்’ என்று மட்டும் எழுதியிருந்ததைக் கவனிக்காமல் மடித்துப் பையில் வைத்தது இரண்டாவது.

விழுந்த பிறகு கிட்டாரை எங்கள் தோட்டத்துத் தச்சரிடம் கொண்டுபோனேன். எங்கள் பக்கம் தச்சரையும் மேசனையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். ஆக, பேஸைக் காப்பாற்ற பாஸ்தான் வரவேண்டியிருந்தது. அவர் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, கொம்பிலிருந்த துளைக்குள் விட்டு, விரல்நகத்தால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்தார். துளை ஓர் அங்குல ஆழம். பையனின் திருகாணியை அதன் பக்கத்தில் வைத்தார். பொத்தானே திருகாணியின் நீளத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. மரத்துக்குள் போனது அரை அங்குலம்கூட இல்லை. தடிப்பிலும் அது பழையதைவிட மெலிது. இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும், பையன் கையில் கிடைத்த காகிதத்தைத் திணித்துத் திருகியிருக்கிறான்.

“பூட்டைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள் தம்பி. பூட்டு மாட்டியிருக்கிற நிலையை யார் பார்ப்பது?” என்றார் அவர்.

லொக்கையும் அவர்கள் ஒழுங்காகப் பூட்டவில்லை. இந்த வகை லொக் லாட வடிவத்தில் இருக்கும், அதன் வாய் வழியாகப் பொத்தானைச் சறுக்கி உள்ளே விடுவோம், ஒரு வில்லூசி அதை வெளியே வராமல் பிடிக்கும். கிட்டாரை மாட்டி நிற்கும்போது வாய் மேல் பக்கம், பெல்ட் போகும் திசையில் இருக்க வேண்டும். அப்போது ஊசி கைவிட்டாலும் லாடத்தின் மூடிய பக்கம் பொத்தானைத் தாங்கும். என்னுடையதில் வாய் கீழே. நான்கு மாதமாக என் கிட்டார் ஓர் ஊசியின் தயவில் தொங்கியிருக்கிறது.

கண்டிக்குத் திரும்பப் போனேன். முதலாளிக்கு என்னை நினைவிருந்தது, தேநீர் மட்டும் வரவில்லை.

“மேடையில் ஆடியிருப்பீர்கள். பேஸ் வாசிக்கிறவர் ஆடலாமா?”

“ஜேர்மன் சாமான் என்றீர்களே?”

“ஜேர்மன் மாதிரி என்று சொல்லியிருப்பேன்.”

லொத்தர் சீட்டை மேசையில் வைத்தேன். அதை அவர் கையால் தொடக்கூட இல்லை. தலைக்கு மேல் ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டினார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடும் 1977 என்ற தொலைபேசி இலக்கம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது காலக்கெடு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை விற்ற மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் வாங்கியது ஜனவரி, விழுந்தது மே. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலாளியோடு வாயாடி நாளைக் கடத்தாதீர்கள். எழுதி அனுப்புங்கள், பற்றுச்சீட்டில் பொருளின் பெயரையும் பூட்டிய கூலியையும் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

பிறகு கேட்டும் தேடியும் அறிந்ததைச் சொல்கிறேன். உலகமெங்கும் பாவிக்கிற வகைகளில் முக்கியமானவை ஷாலரும் டன்லப்பும். நான் சொன்ன லாட வடிவம் ஷாலருடையது. டன்லப்பில் நடுவில் ஒரு குமிழ் இருக்கும், அதை அழுத்தினால்தான் உள்ளேயுள்ள சிறு குண்டுகள் விடும். ஒன்றின் பொத்தானில் மற்றதன் லொக்கைப் போடக்கூடாது. போகிறது போல இருக்கும், பிடிக்காது. பெல்ட்டின் தடிப்பையும் பாருங்கள். தோல் தடித்ததென்றால் லொக்கின் புரியில் நட் இறுக இடம் போதாது, இரண்டு சுற்றுக்கூட நிற்காது. நட் அதிர்வில் தளர்வது பழைய வியாதி. ஷாலரின் புதிய வகையில் அதைப் பிடிக்க ஒரு குட்டித் திருகாணி வைத்திருக்கிறார்கள். பழையது வைத்திருப்பவர்கள் மேடை ஏறும் முன் விரலால் ஒரு முறை திருகிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, பழைய திருகாணியைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வையுங்கள். புதியது மெலிந்தோ, பொத்தானைக் கழித்துப் பார்த்தால் குட்டையாகவோ இருந்தால் பூட்டவே விடாதீர்கள். பழைய திருகாணி புதிய பொத்தானின் துளையில் சரியாக அமர்ந்தால் அதையே போடலாம். தலை வெளியே துருத்தினால் லொக்கில் முட்டும், அப்போது வேறு தேடத்தான் வேண்டும்.

பாஸ் செய்த வேலை இது. கொம்பின் துளையைச் சற்று அகலமாக்கி, தேக்கில் சீவிய முளையை மரப்பசை பூசி அடித்து இறக்கினார். ஒரு நாள் முழுவதும் தொடவிடவில்லை. ஹட்டன் ஈரத்துக்கு இன்னொரு நாளும் கிடக்கட்டும் என்றார். மூன்றாம் நாள் திருகாணியைவிட மெல்லிய துளை போட்டு, புரியில் மெழுகுதிரியைத் தேய்த்து, கையாலேயே திருகினார். மின்துளைப்பானை அவர் எடுக்கவே இல்லை. அடியில் ஒரு கம்பளித் துண்டு வாஷராக. கூலியாக 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டார், அதற்கும் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது மாட்டியிருப்பது சாதாரணப் பொத்தானும் பழைய ரப்பர் வாஷரும்தான். நல்ல ஜோடி ஒன்றுக்குப் பணம் சேர்கிறது.

“வந்ததோடு அடியிலிருக்கிறதையும் பார்த்துவிடுவோம்” என்று கீழ்ப் பொத்தானையும் கழற்றினார். சீட்டின் மற்றப் பாதி அங்கே இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தோம். இலக்கத்தில் கடைசி எண் மட்டும் கிழிந்து போயிருந்தது.