கீமோ காலத்துக்கு ஃப்ளாஸ்க் வாங்கப் போறீங்களா? எங்க ஒரு லீட்டர் ஸ்டீல் ஃப்ளாஸ்க் பத்தி

ஃப்ளாஸ்க்குக்கெல்லாம் ஒரு ரிவியூவான்னு சிரிக்காதீங்க. நானும் ஹட்டன் டவுன்ல வாங்குறப்ப கண்ணுல பட்டதுல ஒண்ண எடுத்துக்கிட்டு வந்தவதான், ஆறு மாசம் அதோட மல்லுக்கட்டுன பெறகுதான் ஒரு ஃப்ளாஸ்க்குல இத்தன பாக்க வேண்டியிருக்குன்னு தெரிஞ்சது.

அப்பாவுக்கு பெருங்குடல்ல கேன்சர். ஒப்பரேஷன் முடிஞ்சு கண்டி ஆஸ்பத்திரில மருந்து ஏத்தணும்னு சொல்லிட்டாங்க. மூணு கிழமைக்கு ஒருக்கா ஒக்ஸாலிப்ளாட்டின், சேலைன் மாதிரி ரெண்டு மணித்தியாலம் ஏறும், அதோட கெப்பெசிட்டபின்னு ஒரு குளிசை, காலையிலயும் ராவுக்கும் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள போடணும், 14 நாள் போட்டுட்டு ஒரு கிழமை லீவு. இப்படி எட்டு தடவை. முடி கொட்டிடும்னு பயந்துக்கிட்டே போனோம், முடி என்னமோ கொஞ்சம் மெலிஞ்சதோட நின்னுடுச்சு. எங்கள வாட்டி எடுத்தது குளிருதான்.

மொத மருந்து ஏத்திட்டு வந்த மறுநாள் வெள்ளன, அப்பா வழக்கம் போல தண்ணிப் பீலில மூஞ்சி கழுவப் போனாரு. கரண்ட் அடிச்ச மாதிரி கைய உதறிக்கிட்டு நிக்கிறாரு. சரி வாங்கப்பான்னு உள்ள கூட்டிட்டு வந்து குடத்துத் தண்ணி ஒரு வாய் குடுத்தா தொண்டைய யாரோ புடிச்ச மாதிரி இருக்கு, மூச்சு விட முடியல புள்ளன்னு கழுத்தப் புடிச்சுக்கிட்டாரு. எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. வார்ட்டுக்கு கோல் எடுத்தா மிஸ் நிதானமா சொன்னாங்க, இந்த மருந்துக்கு நரம்பு அப்படித்தான் பண்ணும், தொண்டை நெசமா அடைக்கல, வெதுவெதுப்பா தண்ணி குடுங்க, வாயையும் மூக்கையும் சால்வையால சுத்தி விடுங்க, ஒதடு வீங்குனாலோ ஒடம்புல தடிப்பு வந்தாலோ மூச்சு வாங்கிக்கிட்டே இருந்தாலோ மட்டும் ஒரு நிமிசம் கூட நிக்காம கொண்டு வாங்கன்னு. வெதுவெதுப்பா குடிச்சதும் அடங்கிருச்சு. கண்டில இருக்கவங்களுக்கு இது ஒரு மாதிரி சமாளிக்கக் கூடிய விசயம், நாங்க இருக்கது 1,200 மீட்டருக்கு மேல, மார்கழி தை மாசத்துல லயத்துக் கதவுப் பூட்டத் தொட்டாலே வெறைக்கும், இங்க இருந்துக்கிட்டு குளிர தொடாதீங்கன்னா எங்க போறது?

அன்னைக்கே போய் வாங்குனதுதான் இந்த ஃப்ளாஸ்க். அஞ்சாயிரத்துக்கு கொஞ்சம் கொறைவு. கண்ணாடி உள்ளுக்கு வச்ச பழைய மாடல் பாதி வெலைக்கு இருந்திச்சு, பஸ்ஸுல ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சதுன்னு எடுக்கல, அந்த முடிவு மட்டும் சரி.

சூடு எப்படின்னா, பெட்டில 24 மணித்தியாலம்னு போட்டிருக்கு, அத மொதலாளி கூட நம்பியிருக்க மாட்டாரு. ஆனா வெள்ளன நாலரைக்கு கொதிக்கக் கொதிக்க ஊத்திக்கிட்டு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளைன்னு பஸ்ஸுல ஆடி ஆடி கண்டிக்குப் போய் சேந்து, பதினொரு மணிக்கு மூடிய தெறந்தா ஆவி பறக்கும். ரெண்டு மணிக்கு கூட பிளேன்டி போட்டுக் குடுத்திருக்கேன். ராவு ஏழுக்கு வீட்டுக்கு வர்றப்ப வெதுவெதுன்னு நிக்கும், குளிசை போட அதுவே சரியான பதம். ஒண்ணு செய்யணும், மொதல்ல கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தி அஞ்சு நிமிசம் மூடி வச்சு அத கொட்டிட்டு பெறகு நெறைய ஊத்தணும், அரைவாசிக்கு ஊத்துனா சீக்கிரமே ஆறிப் போகுது.

இனி கொறை. உள்ளுக்கு அவ்வளவு சூட்ட வச்சிருக்கு, வெளிய தொட்டா ஐஸ்! நல்ல ஃப்ளாஸ்க்னா அப்படித்தான் இருக்கும்னு தம்பி வெளக்கம் குடுத்தான், அப்பாவுக்கு வெளக்கமா வேணும், தொட்ட கைய வெடுக்குன்னு எடுத்துட்டாரு. அம்மா பழைய கம்பளி மேஸோட (சாக்ஸ்) அடிய வெட்டி ஒரு ஒறை மாதிரி மாட்டி விட்டாங்க, பாக்க நோஞ்சான் கோழி மாதிரி இருந்தாலும் அதுக்கப்புறம் அவரே தூக்குனாரு. கூட வர்ற ஸ்டீல் கப்பும் அதே கதைதான், ஒதட்டுல பட்டதும் சுருக்குன்னு இழுக்குது, அத ஓரமா வச்சுட்டு ஒரு பிளாஸ்டிக் கப் வாங்குனோம்.

பெரிய கொறை மூடி. திருகி தெறக்குற மூடி. நாலாவது மருந்துக்கு மேல அப்பாவுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு, சட்டை பட்டனே போட முடியாம அம்மாதான் போட்டு விட்டாங்க, அவரு எங்க இத திருகுறது. கொழுந்துக்கும் தேயிலை வெட்டுக்கும் பழகுன கை அது, அந்த மனுசன் ஒரு மூடிய மடியில வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுனத பாக்க ஏலாது. அதனால வாங்கப் போறவங்க தயவு செஞ்சு கடையிலயே பட்டன் அமத்துனா ஊத்துற மாதிரி மூடியா பாத்து எடுங்க, நோயாளி கையில குடுத்து தெறக்கச் சொல்லிப் பாத்துட்டு சல்லிய குடுங்க. மரத்த கைக்கு சூடும் சரியா தெரியாது, நல்லா கொதிக்கிறத அவங்களே ஊத்திக்க விடாதீங்க. அந்த கெப்பெசிட்டபின் குளிசையால உள்ளங்கையும் உள்ளங்காலும் செவந்து எரியும், அதுக்கும் சுடுதண்ணி ஆகாது. குளிரும் ஆகாது கொதியும் ஆகாது, வெதுவெதுப்புதான்.

ஒரு தடவை கொத்தமல்லித் தண்ணிய இதுல ஊத்திட்டேன். அவ்வளவுதான், மூடி ரப்பர்ல மணம் புடிச்சுக்கிச்சு, தெறந்தாலே அப்பாவுக்கு ஓங்கரிப்பு, வாந்தி குளிசை போட்டும் நிக்கல. அப்பச்சோடா போட்டு ராவு முழுக்க ஊற வச்சு ரப்பர கழட்டி தேய்ச்சுதான் போச்சு. அன்னையிலருந்து வெறும் தண்ணி மட்டுந்தான்.

வாய்ப்புண்ணுக்கு கொப்பளிக்க ஒரு லீட்டர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, அதுக்கு இந்த ஃப்ளாஸ்க்தான் எங்களுக்கு அளவு, கலக்குறது வேற ஜக்குல. பக்கத்துக் கட்டில்காரங்க ஐஸ் சூப்பச் சொன்னாங்க, வேற சில மருந்துக்கு ஆஸ்பத்திரிலயே அப்படி சொல்றதுண்டு, ஒக்ஸாலிப்ளாட்டின் ஏத்துறவங்க மட்டும் அத கேட்டுட்டு வந்து செஞ்சிராதீங்க.

ஃப்ளாஸ்க்கோட சேத்து ஒரு டிஜிட்டல் தேர்மோமீட்டரும் வாங்கிருங்க, அதுக்கு தனி ரிவியூ தேவையில்ல. 38 டிகிரி காட்டுனா பனடோல் போட்டு அமத்திப் பாக்காம நேரா ஆஸ்பத்திரி, நடுச்சாமமா இருந்தாலும். நாங்க ஒருக்கா ஓடியிருக்கோம், ரத்தத்துல வெள்ளை அணு எறங்கிக் கெடந்துச்சு.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், பட்டன் மூடியா இருந்திருந்தா நாலரை. மருந்து முடிஞ்சு நாளாச்சு, அப்பா இப்ப பீலில கை கழுவுறாரு, விரல் நுனி மட்டும் இன்னும் முழுசா வரல. ரப்பர் வாஷர் தேஞ்சு போய் சாய்ச்சு வச்சா சொட்டுது, ஹட்டன்ல ரெண்டு கடையில கேட்டேன் தனியா இல்லையாம், கம்பளைல கெடைக்கும்னு ஒருத்தரு சொன்னாரு, அடுத்த கிளினிக்குக்கு போறப்ப பாக்கணும். அதுவரைக்கும் பேக்ல நேராத்தான் நிக்க வைக்கிறேன்.