லேபிள் இல்லாத டப்பா மூன்று, விலை 18,000 ரூபாய்: நெஞ்செரிச்சல்காரர்கள் உஷார்

பணம் போனது போகட்டும் என்றுதான் மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒத்தக்கடை டீக்கடைச் சுவரில், முகாம் போட்டு நெஞ்செரிச்சலுக்குப் பொடி விற்று என்னை ஏமாற்றிய அதே கூட்டத்தின் நோட்டீஸைப் பார்த்தேன், அடுத்த முகாம் மேலூரில், கல்யாண மண்டபத்தில். அதனால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, போட்டும் பிரயோஜனம் இல்லை, ஊருக்கு ஒரு பெயரில் வருகிறார்கள். அவர்கள் பேசுகிற விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரி இரண்டரைக்கு எழுந்து, வெறும் வயிற்றில் இரண்டு டீ, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு புரோட்டா சால்னா, சாப்பிட்ட கையோடு படுக்கை. ஆறு வருடம் இப்படி ஓடியதில், தூக்கத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களித்து, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. முகூர்த்த நாள் வந்தால் மல்லி விலையும் என் நெஞ்செரிச்சலும் சேர்ந்தே ஏறும்.

டாக்டர், அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் மாத்திரையை எழுதிக் கொடுத்தார், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொன்னார். நான் எரிகிறபோது மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு போட்டேன். (இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் போனால்தான் ஒழுங்காக வேலை செய்யும், இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.) அப்புறம் ஒழுங்காகப் போட்டதில் நல்ல குணம் தெரிந்தது, ஆனால் ஒன்றரை வருடம் தொடர்ந்து போட்டதும் பயம் வந்துவிட்டது. கிட்னி போய்விடும், எலும்பு தேய்ந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முகாம்காரர்களுக்கு இந்தப் பயம்தான் மூலதனம்.

முகாமில் ஒருவர் அரை நிமிடம் நாடி பார்த்தார். "அண்ணே, உங்களுக்குக் குடல் வெந்துபோய்க் கிடக்கு. அந்த மாத்திரைதான் விஷமே, இன்னையோட நிறுத்திருங்க" என்றார். எண்டோஸ்கோப்பி எடுக்கலாமா என்று கேட்டதற்கு, குழாயை விட்டால் புண் பெரிதாகிவிடும் என்று பதில். எனக்கு பிபி இருக்கிறதா, சாப்பாடு விழுங்கும்போது அடைக்கிறதா, எடை குறைந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா, ஒன்றுமே கேட்கவில்லை. இந்த நாலு கேள்வியைக் கேட்காதவரிடம் உட்காரவே கூடாது என்று இப்போது தெரிகிறது. மாதத்துக்கு 8,000, மூன்று மாதமும் சேர்த்து வாங்கினால் 18,000. பில் கேட்டேன், ஒரு துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஜிபே போனது யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு.

மூன்று வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பொடி. மூடியில் மார்க்கரில் "3 வேளை" என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். என்ன மருந்து, யார் செய்தது, பேட்ச் நம்பர், தேதி, எதுவும் கிடையாது.

மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் நெஞ்சில் அடுப்பு எரிந்தது. போன் செய்தால், "கழிவு வெளியேறுதுண்ணே, நல்ல அறிகுறி. பொடியை ரெண்டு ஸ்பூனா எடுத்துக்கங்க" என்றார்கள். பொடி போட்டால் பத்து நிமிடத்தில் அடங்கும், ஒரு பெரிய ஏப்பம் வரும், ஒரு மணி நேரத்தில் திரும்ப எரியும். ஒரு மாதம் இப்படி ஓட்டினேன். அப்புறம் கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை போகவில்லை. பக்கத்து மெடிக்கலில் பிபி பார்த்தால் 160/100. எப்போதும் 130-ஐத் தாண்டாத ஆள் நான்.

கண்டுபிடித்தது என் வீட்டம்மா. பொடியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது ஆப்பசோடா மாதிரியே இருக்கு" என்றாள். ஒரு ஸ்பூன் பொடியைக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சை பிழிந்தாள். புஸ்ஸென்று நுரைத்துக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் சித்த மருந்தான சங்கு பற்பமும் எலுமிச்சைக்கு நுரைக்கும், அதனால் நுரையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, நான் ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டபோது "பரம்பரை ரகசியம்" என்றார்கள் பாருங்கள், அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவில் மட்டும் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூன் தின்றால் கால் வீங்காமல் என்ன செய்யும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பத்தியம் இருந்தீங்களா? புரோட்டா சாப்பிட்டீங்களா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க" என்றார். ஒரே ஒரு நாள் சாப்பிட்டிருந்தேன். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு போனை வைத்தவர்தான், மறுபடி எடுக்கவே இல்லை.

கடைசியில் குடல் டாக்டரிடம் போனேன். எண்டோஸ்கோப்பி பத்து நிமிடம் கூட ஆகவில்லை, தொண்டையில் மரத்துப்போக ஒரு ஸ்ப்ரே, கொஞ்சம் ஓங்கரிப்பு, அவ்வளவுதான். குடல் வெந்தெல்லாம் போகவில்லை. உணவுக்குழாயின் அடியில் லேசான புண், ஏ கிரேடு. இரைப்பையின் மேல்பக்கம் கொஞ்சம் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைக்கு) மேலே ஏறியிருக்கிறது, சின்ன ஹையாட்டஸ் ஹெர்னியா. இந்த மாத்திரையைப் பல மாதம் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம் என்று அவர்தான் விளக்கினார். அந்த "கழிவு வெளியேறுவது" இதுதான். பொடிக்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

ஆபரேஷன் செய்துவிட்டால் மாத்திரைத் தொல்லை விடுமே என்று கேட்டேன். இரைப்பையின் மேல் பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பார்களாம். சிலருக்கு அதற்கப்புறம் விழுங்கச் சிரமம், ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவது எல்லாம் வரும், அதனால் அமில அளவு, உணவுக்குழாய் அழுத்தம் எல்லாம் சோதித்துப் பார்க்காமல் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், உங்களுக்கு இப்போது அவசியமே இல்லை என்றார். எட்டு வாரம் மாத்திரை, பிறகு அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குச் செங்கல் (தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்), இடது பக்கம் சாய்ந்து படுப்பது, ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கு. செங்கல் சுலபம். ஆறு மணிச் சாப்பாடுதான் இன்னும் என்னைக் கொல்கிறது.

சித்த வைத்தியத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் அப்பாவுக்கு வந்த குன்மத்தை (வயிற்றுப் புண் மாதிரி வயிற்றுக் கோளாறை) அரசு சித்தா டாக்டர்தான் பார்த்தார். படித்துப் பதிவு செய்த டாக்டர் பதிவு எண்ணைச் சொல்வார், சித்த மருந்தின் லேபிளிலும் சேர்மானம், லைசென்ஸ் எண், பேட்ச், தேதி எல்லாம் இருந்தாக வேண்டும். இன்னொன்று, "குடல்புண் நிரந்தர குணம்" என்று நோட்டீஸ் அடிப்பதே 1954-ஆம் வருட மாய வைத்திய விளம்பரச் சட்டப்படி குற்றம். நெஞ்சு வலி வியர்வையோடு வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால் கேஸ் என்று நினைத்து எந்தப் பொடியும் தேடாதீர்கள், நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் திறக்காத இரண்டு டப்பாவும்தான். மேலூர் முகாம் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு. எனக்குக் கடைக் கணக்கு எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். டப்பாவையும் நாலு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.