லீவரா, ஜாய்ஸ்டிக்கா? சைலேஜ் கட்டு சுற்றும் மெஷினில் காசு போக வேண்டிய இடம்

ஆத்தூர், தலைவாசல் பக்கம் தீவனச்சோளத்தை வாட்டி, உருட்டுக்கட்டு போட்டு, பிலிம் சுற்றி சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) ஆக்க மெஷின் தேடுபவர் முதலில் கேட்பது ஜாய்ஸ்டிக் உண்டா என்றுதான். பார்க்க வேண்டியது பிலிமை அறுக்கும் கத்தியை.

லீவர் மாடலில் கையசைவு கேபிள் வழியாகப் போய் எண்ணெய் வால்வுக்குள் இருக்கும் ஸ்பூல் என்ற தண்டைத் தள்ளும். கேபிள் தளர்ந்தால் ஸ்பூல் பாதிதான் திறக்கும். கட்டு உட்காரும் மேசை மந்தமாகச் சுற்றும். நுனி நட்டைச் சரிசெய்தால் போதும், வயலிலேயே முடிகிற வேலை. ஜாய்ஸ்டிக் மாடலில் 12 வோல்ட் சோலனாய்டு என்ற மின்காந்தம் அந்த வேலையைச் செய்கிறது. சுற்றை எண்ணித் தானே நிற்பதால் ஒற்றை ஆளுக்கு நல்ல சௌகரியம். ஆனால் ஏற்காட்டு மூடுபனியில் கனெக்டரில் பச்சை பூத்துவிட்டால் வோல்டேஜ் இறங்கி வால்வு பாதியில் நிற்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் தனி ஒயர் இழுங்கள். விளக்கு ஒயரில் கொக்கி போடாதீர்கள்.

எதை வாங்கினாலும் டிராக்டர் பம்பு முக்கியம். எண்ணெய் ஓயாமல் ஓடும் சாதாரண கியர் பம்பு என்றால் வால்வு பிளாக்கை ‘ஓப்பன் சென்டர்’ நிலைக்கு, அதாவது வேலையில்லாதபோது எண்ணெய் தடையின்றித் திரும்பும் நிலைக்கு, மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் மெஷின் சும்மா நிற்கும்போதும் எண்ணெய், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வை முட்டிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் ஹோஸைத் தொட முடியாது.

லீவர்காரர்கள் இழப்பது எண்ணிக்கையை. அதற்குக் காந்த சென்சார் உள்ள தனிக் கவுண்டர் போதும். கட்டு முழுக்க மூடும் வரை சுற்றை எண்ணி, ஒன்று கூட்டி, இரண்டால் பெருக்கினால் வருவது 4 அடுக்குக்கான சுற்று. மூன்றால் பெருக்கினால் 6 அடுக்குக்கு. பிலிம் பாதிக்குப் பாதி மேலேறி விழ வேண்டும் என்பது இதற்கு அடிப்படை. இழுவையையும் சோதியுங்கள்: ரோலில் 10 செ.மீ. இடைவெளியில் போட்ட இரண்டு கோடு கட்டின்மேல் 17 செ.மீ. ஆகியிருந்தால் 70 சதவீத இழுவை சரி.

இனி கத்தி. மலிவான மெஷினில் நிலைக்கத்திதான்: கட்டு சரியும் இழுப்பில் பிலிம் அறுபடும், நுனியை ஸ்பிரிங் பிடிக்கும். முனை மழுங்கினால் பிலிம் அறுபடாமல் ஜவ்வாக இழுபடும். அடுத்த கட்டுக்கு நுனியைக் கையால்தான் செருக வேண்டும். ஹைட்ராலிக் கத்தியில் சிலிண்டர் மூடும்போது மெஷினின் கை பிலிமைக் கயிறுபோலத் திரட்டி, தாடையில் கவ்வி, பிறகு அறுக்கிறது. அடுத்த கட்டு ஒன்றிரண்டு சுற்று சுற்றிய பின்பே திறக்க வேண்டும். முந்தினால் பிலிம் நழுவும். தாடையில் சோகைத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தாலும் நழுவும், தினமும் துடையுங்கள்.

பழைய டிராக்டரும் வாடகை ஓட்டமும் என்றால் என் தேர்வு லீவர், ஹைட்ராலிக் கத்தி, தனிக் கவுண்டர். வாங்குமுன் பிலிமைக் கவ்வவிட்டு இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். கத்தியிலிருந்து தள்ளி நின்று, ரோல் பக்கமிருந்து இழுங்கள். உருவிக்கொண்டு வந்தால் முதலில் எண்ணெயைத் திரும்ப விடாத செக் வால்வையும் சிலிண்டர் சீலையும் சந்தேகப்படுங்கள். இன்ஜின் நின்றாலும் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கும். லீவரை அசைத்து அதை இறக்காமல் கத்திப் பக்கம் கை போகக் கூடாது.