லிங்க் ஜி4எக்ஸ் பியூரி: எரிபொருள் அழுத்த சென்சர் இல்லாமல் வாங்காதீர்கள்

நியூசிலாந்துத் தயாரிப்பான இந்த எஞ்சின் கொம்பியூட்டரை மிட்சுபிஷி 4ஜி63 போன்ற டேர்போ எஞ்சினுக்குத் தாராளமாக எடுக்கலாம். எக்ஸோஸ்டில் கலவையை அளக்கும் சென்சருக்கான வைட்பாண்ட் கொன்ட்ரோலர் உள்ளேயே இருப்பதால் பொஷ் எல்எஸ்யு 4.9 சென்சரை நேரே பூட்டலாம். இதை ரியூன் செய்யும் பிசிலிங்க் மென்பொருளுக்குத் தனிக் காசில்லை. எரிபொருள் அழுத்த சென்சர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லையென்றால் கொடுத்த காசில் பாதி வீண்.

எரிபொருள் கணக்குக்கு இதில் இரண்டு வழி உண்டு. பழைய முறையில் மில்லிசெக்கனில் ஓர் அடிப்படை எண்ணைக் கொடுத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். மொடல் முறையில் இன்ஜெக்டர் பாய்ச்சல், டெட் டைம் (மின் வந்தபின் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம்), பெற்றோலின் அடர்த்தி எல்லாவற்றையும் உள்ளபடி கொடுத்தால், எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பது மட்டுமே அட்டவணையில் மிஞ்சும். பிறகு இன்ஜெக்டரை மாற்றினாலும் அட்டவணை அப்படியே நிற்கும். ஊகத்தில் எண் போட்டவருக்கு இந்த வசதி கிடையாது.

டெட் டைம் சரியா என்று பார்ப்பது லேசு. எஞ்சின் ஐடிலில் நிற்க ஹெட்லைட்டையும் ஃபானையும் போடுங்கள். வோல்ட் 14 இலிருந்து 12.5 க்கு இறங்கும்போது லம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு; 1.0 சரிசமன், கூடினால் மெலிவு) 1.0 இலிருந்து 1.1 பக்கம் ஓடினால் பிழை டெட் டைமில்தான். அட்டவணையில் கை வைக்க வேண்டாம்.

4ஜி63 பூட்டிய லான்சர் எவோ 8, 9 இல் வரும் இன்ஜெக்டர் 560 சிசி. நாலும் 85 வீத டியூட்டியில் (நேரத்தில் 85 வீதம் திறந்து) நிமிடத்துக்கு 1904 சிசி ஊற்றும். பூஸ்டில் (டேர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) லம்டா 0.80 பக்கம் வைத்தால் அது ஏறக்குறைய 310 குதிரைவலுவுக்குக் காணும். அதற்குமேல் ஆசை என்றால் முதலில் இன்ஜெக்டர், பிறகுதான் டேர்போ.

இனி பம்ப். ரெகுலேட்டரின் அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், 1.4 பார் பூஸ்டில் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கும் குழாயில்) 4.4 பார் நிற்க வேண்டும். 3.8 தான் நிற்கிறதென்றால் இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 2.4 பார், பாய்ச்சல் பத்து வீதத்துக்கு மேல் குறைந்துவிடும், 0.80 ஆக இருந்த லம்டா 0.90 ஐத் தொடும். சென்சர் இல்லாதவர் இதைப் பார்த்து அட்டவணையைக் கூட்டுவார். அடைத்துக்கிடப்பதோ ஃபில்டர், அல்லது பம்புக்குப் போகும் வயர் மெல்லிசு. கடைவாசலில் போத்தலில் விற்கும் பெற்றோலை ஊற்றி ஓடிய தாங்கி என்றால் பம்பின் வடியையும் கழற்றிப் பாருங்கள்.

சென்சர் பூட்டினாலும் ஒரு கண்ணி உண்டு. அழுத்தம் விழுந்தால் கொம்பியூட்டர்ப் பெட்டி தானாக இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்து லம்டாவைச் சரிக்கட்டிவிடும். பம்ப் சாகிறது என்று யாருக்கும் விளங்காது. ஆகவே பூஸ்டில் வித்தியாசம் 2.7 பாருக்குக் கீழே போனால் ஆர்பிஎம் லிமிட் இறங்கும்படி செட் பண்ணுங்கள்.

வன்னி வெயிலுக்கு இன்னொன்று. மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, மத்தியானம் திரும்ப ஸ்டார்ட் செய்தால், மனிஃபோல்டில் பூட்டிய காற்று வெப்ப சென்சர் தன் சூட்டையே காற்றின் சூடு என்று சொல்லும். பெட்டி காற்றைக் குறைவாகக் கணக்குப் போட, கலவை மெலியும். சென்சரை இன்டர்கூலருக்குப் பின்னாலுள்ள குழாய்க்கு மாற்றிவிட்டு, பிறகு சார்ஜ் டெம்பரேச்சர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைக் கணிக்கும்) அட்டவணையைத் திருத்துங்கள். இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

எக்ஸோஸ்டில் ஒழுக்கு இருந்தாலும் மிஸ்ஃபயர் இருந்தாலும் வைட்பாண்ட் மெலிவென்றுதான் காட்டும் என்பதால், மிக்சர் மப் (லம்டா பதிவைப் பார்த்து எரிபொருள் அட்டவணையைத் திருத்தும் பிசிலிங்க் வசதி) ஓட்டுமுன் இரண்டையும் பார்த்துவிடுங்கள். முழு பூஸ்ட் சோதனைக்கு டைனோவே (வண்டியை நிறுத்திவைத்து ஓட்டி வலு அளக்கும் மேடை) சரி. ஏ9 நேராகத்தான் கிடக்கிறது, மாடுகளும் அதிலேதான் கிடக்கின்றன.

95 ஒக்டேன் பெற்றோலுக்கு ரியூன் செய்த வண்டிக்கு 92 ஊற்ற வேண்டி வந்தால் எரிபொருள் அட்டவணையை மாற்றத் தேவையில்லை. டைமிங் குறைத்த இரண்டாவது இக்னிஷன் அட்டவணையையும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் அளவிலான (ஆகக் குறைந்த) பூஸ்டையும் ஒரே சுவிட்சில் கட்டி வையுங்கள்.